பளிச்சண்ணனின் துணி

போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. செய்தி மடலில் போடுவதற்கு இறந்துபோன பளிச்சண்ணனைப் பற்றி நாலு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். அவரோடு அதிக வருடம் பழகியவன் நான்தானாம். சரியென்று உட்கார்ந்து எழுதினேன். 'கடின உழைப்பாளி, சுத்தமானவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர்.' படித்துப் பார்த்தபோது எரிச்சலாக வந்தது. இந்த வரிகளைச் செத்துப்போன யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். கிழித்துப் போட்டுவிட்டேன். நாலு வரியில் அடங்குகிற ஆள் இல்லை அவர். நான் செய்த காரியமும் நாலு வரியில் அடங்காது.

நான் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் சீட்டு எழுதி, வாங்குகிறவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுப்பேன். அதனால் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். தம்பி என்பார். அவர் பர்னர் டெக்னீஷியன். தீயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தீயை ஏற்றி, ஆடாமல் அசையாமல் நிற்க வைத்துக் கொடுப்பது அவர் வேலை.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அவர் பளிச்சண்ணன். அவர் கை பட்ட பொருள் பளிச்சென்று ஆகிவிடும். இடது பையில் முகம் துடைக்கக் கைக்குட்டை, வலது பையில் பொருள் துடைக்க வெள்ளைத் துணி. இரண்டும் ஒரு நாளும் இடம் மாறியதில்லை. நடந்து போகிற வழியில் அடுத்தவர் அறைக் கதவுக் கைப்பிடியையும் ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் போவார். அவர் பக்கத்தில் ரொம்ப நேரம் நிற்காதே, உன்னையும் துடைத்துவிடுவார் என்று கேலி செய்வோம்.

இந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். எங்களோடு சேர்ந்து வேலை செய்யலாமா என்று பார்க்கத்தான் வந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாகப் பர்னர் மேஜை மேல் ஒரு விரலால் கோடு போட்டு, அந்த விரலைத் திருப்பி எல்லோரும் பார்க்கும்படி காட்டினார். விரல் நுனியில் கறுப்பாகத் தூசி. அப்போது அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். தன் மூன்று வருட உழைப்பை வந்தவருக்கு விளக்கிச் சொல்லக் காகிதங்களோடு காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போனதை நானும் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். வந்தவர் காகிதங்களைக் கேட்காமலே போய்விட்டார். மறுநாள் காலை அண்ணன் என் ஸ்டோருக்கு வந்து ஒரு கஜம் வெள்ளைத் துணிக்குச் சீட்டு எழுதினார்.

"எதுக்குண்ணே இவ்வளவு?" என்றேன்.

"அந்தப் புள்ளை முன்னாடி இனிமே எவனும் விரலைத் தூக்கக் கூடாது தம்பி" என்றார்.

அந்த மாணவிதான் பிறகு எங்களுக்கு மேடம் ஆனார். அந்தத் தீப் பிரிவுக்கே தலைவி. ஆனாலும் மேடத்துக்கு அவர் அண்ணன்தான். எல்லோர் முன்னாலும் அண்ணன் 'மேடம்' என்பார், தனியாக இருந்தால் 'அம்மா' என்பார். மேடம் எங்கே இருந்தாலும் 'அண்ணே'தான்.

ஆறு வருடம் அலைந்து, கடிதம் மேல் கடிதம் எழுதி, ஐந்து நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்கிற ஒரு வேலையில் எங்களையும் சேர்க்க வைத்தார் மேடம். அமோனியாவை எரிக்கிற வேலை. உரத்துக்குப் போகிற அதே அமோனியாதான். வெயிலிலும் காற்றிலும் எடுத்த மின்சாரத்தை வைத்தே அதைத் தயாரிக்கலாம். எரித்தால் கரியும் இல்லை, கரிப்புகையும் இல்லை. நாளைக்கு மின் நிலையங்களில் நிலக்கரிக்குப் பதிலாக இதை எரிக்கலாம் என்பார். ஒரே சிக்கல், அந்தத் தீ தன்னைத் தாங்கியிருக்கிற உலோகத்தையே மெல்ல மெல்லக் கடித்துவிடும். எத்தனை மணி நேரத்தில், எப்படி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து கூடங்களும் கைகோத்தன.

ஆளுக்கொரு பர்னர் வைத்தால் உன்னுடையது வேறு என்னுடையது வேறு என்று வழக்கு வரும். அதனால் ஒரே பர்னர். உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகு வட்டம், அதில் நூற்றுக்கணக்கான பொடித் துளைகள். மரப்பெட்டியில் மெத்தை போட்டு ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடத்துக்குப் போகும். ஒவ்வோர் இடத்திலும் இருநூறு மணி நேரம் எரியும். ஐந்தாவது கூடத்தில் ஆயிரம் மணி முடிந்ததும் அதை வெட்டிப் பார்ப்பார்கள். பெட்டி வந்து திறந்த அன்று ஒரு படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளில் பெரிய எழுத்தில் ஒரு விதி. பர்னரின் முகத்தை யாரும் துடைக்கக் கூடாது, வந்தபடியே எரித்து, எரிந்தபடியே அனுப்ப வேண்டும். மேடம் எல்லோரையும் கூப்பிட்டு அதைப் படித்து விளக்கினார். அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று சிரித்தார். அவரும் சிரித்தார்.

எங்கள் கூடம் நாலாவது. வீடு வீடாக உபசாரத்துக்குப் போகிற அந்தப் பர்னருக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. மூன்று வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததில் மாப்பிள்ளை முகம் கன்னங்கரேலென்று இருந்தது. கரி இல்லை, தீயில் உலோகமே கறுத்தது. ஒரே சீரான கறுப்பு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. படம் எடுத்தார்கள், மேஜையில் ஏற்றினார்கள்.

அந்த இருநூறு மணி நேரமும் அண்ணன் ஸ்டூலை விட்டு இறங்கியதாக எனக்கு நினைவில்லை. தினம் எட்டு மணி நேரம், இருபத்தைந்து நாள். இளம் ஆரஞ்சு நிறத்தில் விரல்கடை உயரத்துக்கு ஒரு தீ. கசிந்த வாடைக்கே கண்ணில் தண்ணீர் கொட்டும். அவர் சட்டையை மற்றத் துணிகளோடு போட அண்ணி விடமாட்டாராம். மேடம் காலையில் வந்ததும் "எப்படிண்ணே இருக்காரு மாப்பிள்ளை?" என்று கேட்பார். "சமத்தா எரியறாரும்மா" என்பார். அந்த இருபத்தைந்து நாள்தான் அவரை நான் ரொம்பச் சந்தோஷமாகப் பார்த்த நாட்கள்.

கடைசி நாள் மேடம் ஊரில் இல்லை. மாமியாருக்கு ஆபரேஷன் என்று மூன்று நாள் லீவில் போயிருந்தார். தீயை அணைத்து, ஆற வைத்து, மாப்பிள்ளையைக் கழற்றித் திருப்பிப் பார்த்த அண்ணன் நேராக ஸ்டோருக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, ஒரு பக்கம் உரிஞ்சிருக்கு."

"என்னது?"

"முகம். ஒரு ஓரத்துல திட்டுத்திட்டா எழும்பி நிக்குது. மூணு வீட்டுல ஒழுங்கா இருந்தது, நம்ம வீட்டுக்கு வந்துதான் இப்படி ஆயிருக்கு. நம்ம கேஸ்ல ஏதோ அழுக்கு இருந்திருக்கணும். இல்லேன்னா நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்."

"மேடம் வரட்டும், கேப்போம்."

"வண்டி நாளைக்குக் காலைல வருது. இதை இப்படியே அனுப்பினா அங்க பெட்டியைத் திறந்ததும் என்ன சொல்லுவாங்க? அந்தம்மா முன்னாடி மறுபடியும் விரலைத் தூக்கிக் காட்டுவாங்க."

"துடைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேண்ணே."

"ஒழுங்கா அனுப்பறவங்களுக்குத்தான் அந்த விதி. அசிங்கப்படுத்தி அனுப்பச் சொல்லி யாரும் எழுதலை." பிறகு மெதுவாகச் சொன்னார். "அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கரியோட திருப்பிக் குடுப்போமா தம்பி?"

நான் பாலிஷ் பேஸ்ட்டை எடுத்துக் கொடுத்தேன். சீட்டில் அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. ஒரு நட்டுக்கு நாலு கேள்வி கேட்கிற நான் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உரிந்த பக்கத்தை மட்டும் தேய்த்தார். பெட்டி போயிற்று. துணியை மட்டும் அவர் துவைக்கவில்லை. நாலாக மடித்துத் தன் மேஜை டிராயரில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அழுக்கு மாதிரி வரலை தம்பி. மீன் செதில் மாதிரி சின்னச் சின்னதா வந்துச்சு, மினுமினுன்னு. தூக்கிப் போட மனசு வரலை" என்றார். அவர் வாழ்க்கையில் அழுக்காக வைத்திருந்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

ஒன்றரை மாதம் கழித்து, ஐந்து கூடங்களும் கம்ப்யூட்டர் திரையில் கூடின. அண்ணன் மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் கூடுதல் நாற்காலி கொண்டுபோனவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஐந்தாவது கூடத்து அம்மாள் ஒரு படத்தைக் காட்டினார். மாப்பிள்ளையின் முகம், ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை வெளேர். வட்ட வட்டமாகக் கையால் தேய்த்த தடம்கூடத் தெரிந்தது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தபோதே இப்படித்தான் இருந்தது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று தன்மையாகத்தான் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் மேடம் பேசிவிட்டார். எங்கள் கூடத்தில் நடந்திருக்க வாய்ப்பே இல்லை. எங்கள் டெக்னீஷியனை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும், அவர் விதியை மீறமாட்டார், அவருக்கு நான் உத்தரவாதம் என்றார். அதைச் சொல்லும்போது பின்னால் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். அண்ணன் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அன்று மதியம் மடித்த துணியோடு என்னிடம் வந்தார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போய் மேடம்கிட்ட சொல்லிடறேன் தம்பி."

நான் என்ன சொன்னேன் என்பதைப் போன மாதம் வரை யாரிடமும் சொன்னதில்லை. "பைத்தியமாண்ணே உங்களுக்கு? உலகமே பார்க்க உங்களுக்காக உத்தரவாதம் குடுத்திருக்காங்க. இப்பப் போய்ச் சொன்னா அவங்க மூஞ்சியை எங்க வச்சுக்குவாங்க? ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். பேசாம இருங்க. அந்தத் துணியை முதல்ல துவைச்சுப் போடுங்க" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரியிலிருந்து சோப்பை எடுத்துக் கொடுத்தேன். சீட்டுக்கூட எழுதவில்லை.

அவருக்காகச் சொன்னேன் என்றுதான் ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பேஸ்ட்டுக்கான சீட்டில் என் கையெழுத்து இருந்தது. எனக்கும் ரிட்டையர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. இதுதான் உண்மை.

அவர் குழாயடியில் நின்று ரொம்ப நேரம் துவைத்தார். வெள்ளை வெளேரென்று ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். அந்தச் செதிலெல்லாம் சாக்கடையில் போயிற்று.

மறுநாள் மேடம் ஐந்தாவது கூடத்துக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினார். தவறு உங்களுடையது, பழியை எங்கள் மேல் போடாதீர்கள் என்று. நகலை மற்ற மூன்று கூடங்களுக்கும் அனுப்பினார். அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு நாள் தாக்குப்பிடித்தார். ஒன்பதாவது நாள், "நீ வரவேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு மேடம் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"அம்மா, அதைத் துடைச்சது நான்தான்."

மேடம் முதலில் நம்பவில்லை. "விளையாடாதீங்கண்ணே" என்றார். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முகம் உரிந்தது, பயந்தது, தேய்த்தது, செதிலாக வந்தது. பேஸ்ட்டை யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மேடம் எழுந்து நின்றார், ஆனால் முகத்தில் கோபம் இல்லை. "செதிலா வந்துச்சா? எண்ணூறு மணியிலயா?" என்று கேட்டார். "அண்ணே, இதுக்காகத்தாண்ணே அஞ்சு நாடும் காத்துக்கிட்டு இருக்கு. கேஸும் அழுக்கில்லை, உங்க கையும் தப்பில்லை. அந்தத் தீ எப்ப உலோகத்தை உரிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தானே இவ்வளவும். அது நம்ம மேஜையில நடந்திருக்கு." ஒரு மூச்சு வாங்கினார். "எதுல துடைச்சீங்க?"

"துணியில."

"அந்தத் துணி எங்க? அதுல ஒட்டியிருக்கும்ல? அதை அனுப்பினாப் போதும்ணே. மன்னிப்பும் கேட்டுக்கலாம், அதையும் குடுத்துடலாம். மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடும்." பேசிக்கொண்டே டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்துவிட்டார்.

"துவைச்சுட்டேம்மா."

கவர் கையிலேயே இருந்தது. "எப்ப?"

"அந்த மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கு."

"நான் உங்களுக்காகப் பேசினேனே, அதுக்கு அப்புறமா?"

"ஆமாம்மா."

மேடம் உட்கார்ந்தார். "அது வரைக்கும் வச்சிருந்து, விஷயம் தெரிஞ்ச பிறகு துவைச்சீங்க. நீங்களாவே செஞ்சீங்களா அண்ணே?"

அண்ணன் கொஞ்சம் தலையைத் திருப்பியிருந்தால் போதும், கதவோரம் நான் நின்றேன். அவர் திருப்பவில்லை.

"நானாத்தாம்மா."

"துடைச்சதை நான் மன்னிச்சிருவேன்" என்றார் மேடம். "எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியுது. ஆனா மறைக்கறதுக்காகத் துவைச்சிருக்கீங்களே. போயிட்டு வாங்க." அதற்குப் பிறகு மேடம் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

மேடம் நாலு கூடங்களுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். எல்லோரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். யாரும் எங்களைப் போ என்று சொல்லவில்லை. புதுப் பர்னர் செய்து மறுபடி ஆரம்பித்தபோது பட்டியலில் நாலு கூடங்கள்தான் இருந்தன. அடுத்த வருடம் தீப் பிரிவை மூடி, அந்த அறையை வேறு பிரிவுக்குக் கொடுத்தார்கள். மேடம் ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். அண்ணனை ஸ்டோரில் என்னோடு போட்டார்கள். மிச்சம் இருந்த நாட்களை என் எதிரே உட்கார்ந்தே கழித்தார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அது எனக்குத் தண்டனையாக இருந்தது. வலது பையில் துணியும் இல்லை.

ரிட்டையர் ஆன பிறகு வீட்டுக்குப் போனால் அண்ணி புலம்புவார். "ஒரு டம்ளரைக்கூடத் தொடைக்கிறதில்லை உங்கண்ணன். பேப்பரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், படிக்கிறதும் இல்லை." மூன்று வருடத்துக்கு முன் அந்த நாலு கூடத்தாரும் முடிவை வெளியிட்டார்கள். எண்ணூறு மணியில் முகம் உரிகிறது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஒரு நகல் வாங்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதேதான் தம்பி. இப்படித்தான் ஓரத்துல எழும்பி நின்னுச்சு." பிறகு கேட்டார். "மேடம் பார்த்திருப்பாங்களா?"

"பார்த்திருப்பாங்கண்ணே. நான் வேணா அவங்ககிட்ட போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? நீ வாயால சொன்னே. கசக்கினது என் கைதானே."

நானும் சரியென்று விட்டுவிட்டேன். அவர் சொல்லவேண்டாம் என்று சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

போன மாதம் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி மடலுக்கு எழுதியதைக் கிழித்துப் போட்ட மறுநாள், நான் பஸ் ஏறி மேடம் வேலை செய்கிற கல்லூரிக்குப் போனேன். மேடத்துக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "கேள்விப்பட்டேன்" என்று மட்டும் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பேஸ்ட், சீட்டு, அவர் துணியோடு வந்தது, நான் சொன்னது, எடுத்துக் கொடுத்த சோப்பு.

மேடம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எங்கிட்ட கொண்டுவரத்தான் இருந்தாரா?"

"ஆமா மேடம். கையில எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. நான்தான் தடுத்தேன்."

"நீங்களாவே செஞ்சீங்களான்னு அவரைக் கேட்டேனே. நீங்க அப்பக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"நின்னேன் மேடம்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். "இங்க ரெண்டு தடவை வந்தாரு" என்றார். "ரெண்டு தடவையும் உள்ளே இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னேன். வெளியில பெஞ்சுலயே சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாராம். போகும்போது கதவுல இருக்கற என் பேர்ப் பலகையைச் சட்டை நுனியால துடைச்சிட்டுப் போனாருன்னு பியூன் சொன்னார். எனக்கு அப்பக் கோபம்தான் வந்துச்சு. இதை மட்டும் நல்லாத் துடைங்கன்னு நினைச்சேன்."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் வெளியே வந்தேன். கதவில் அந்தப் பித்தளைப் பலகை இருந்தது. ரொம்ப நாளாக யாரும் துடைக்காமல் மங்கி, பச்சை பிடித்துப் போயிருந்தது. கைக்குட்டையை எடுத்தேன். அதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லையென்று தோன்றியது. திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.